காலிப் எண்ணின அஞ்சு விஷயமும் டெல்லிங்கற ஊரும்

1859ல உருது கவிஞர் காலிப்போட சிஷ்யர் ஒருத்தர், மீர் மெஹ்தி மஜ்ரூஹ்னு பேரு, 1857 சிப்பாய் கலகத்துக்கு அப்புறம் டெல்லிய விட்டு ஓடிப்போய் பானிபட்ல உக்காந்துகிட்டு "டெல்லி இப்ப எப்படி இருக்கு"ன்னு கேட்டு லெட்டர் போடறார். காலிப் பதில் எழுதறார். என்னப்பா கேள்வி இது, டெல்லின்னா அஞ்சு விஷயம்தான், கோட்டை, சாந்தினி சௌக், ஜாமா மசூதி வாசல்ல தினமும் கூடற கூட்டம், வாரா வாரம் யமுனை பாலத்துக்கு ஒரு நடை, வருஷத்துக்கு ஒரு தடவை பூக்காரங்க திருவிழா, இந்த அஞ்சும் இப்ப இல்ல, அப்புறம் டெல்லி எங்கேர்ந்து இருக்கும், ஆமா, ஹிந்துஸ்தான்ல அந்தப் பேர்ல ஒரு ஊர் இருந்துச்சு. இதான் சாராம்சம். வார்த்தை என்னோடது, விஷயம் அவரோடது.

நான் சில வருஷம் வேலைக்காக டெல்லில இருந்தவன். ஸ்கூல்ல படிச்ச டெல்லி வேற, முதலாம் பானிபட் இரண்டாம் பானிபட், அடிமை வம்சம் கில்ஜி வம்சம் துக்ளக் வம்சம்னு மனப்பாடம் பண்ணி அஞ்சு மார்க் வாங்கற டெல்லி. அதுல ஊரே இருக்காது, ராஜாங்க மட்டும் வரிசையா வந்து சாவாங்க. அங்க போய் இருந்தப்புறம் பழைய ஆளுங்க எழுதினதை கிடைச்ச மொழிபெயர்ப்புல எல்லாம் படிக்க ஆரம்பிச்சேன், அப்பதான் ஒண்ணு உறைச்சது. இந்த ஊரை உருப்படியா எழுதினவங்கள்ல பாதிப் பேர் வெளியூர்க்காரங்க, எழுதினதுல முக்காவாசி ஊர் நாசமானதுக்கு அப்புறம் எழுதினது. நல்லா இருக்கறப்ப டெல்லியப் பாடினவங்களும் இருக்காங்க, இல்லேன்னு சொல்லல, ஆனா மனசுல நிக்கறது புலம்பல்தான். நம்ம ஒப்பாரி மாதிரி அவங்களுக்கும் ஒரு வகை இருக்கு, ஷஹ்ர் ஆஷோப்னு பேரு, செத்தது மனுஷன் இல்ல, ஊரு, அதுக்கு அழற பாட்டு. ஒரு ஊருக்கு அழறதுக்குன்னு தனியா ஒரு கவிதை வகையே ஓடுதுன்னா அந்த ஊர் எத்தனை தடவை செத்திருக்கணும் பாருங்க.

ஏழு டெல்லின்னு சொல்வாங்க, சிலபேர் எட்டு ஒன்பதுன்னும் எண்ணுவாங்க. தோமர்களோட லால் கோட், அலாவுதீன் கில்ஜி 1303 வாக்குல கட்டின சிரி, கியாசுதீன் துக்ளக்கோட துக்ளகாபாத், அவன் பையன் கட்டின ஜஹான்பனா, ஃபிரோஸ் ஷா கட்டின ஃபிரோஸாபாத், புரானா கிலா, ஷாஜஹானாபாத். ஒவ்வொருத்தனுக்கும் அப்பன் கட்டின ஊர் ஆகாது, தள்ளிப்போய் புதுசா ஒண்ணு கட்டணும். இதுல புரானா கிலா இருக்கற இடம்தான் பாண்டவங்களோட இந்திரப்பிரஸ்தம்னு நம்பிக்கை. அந்தக் கோட்டைக்குள்ளயே இந்தர்பத்னு ஒரு கிராமம் போன நூற்றாண்டு ஆரம்பம் வரைக்கும் இருந்திருக்கு, வெள்ளைக்காரன் புது டெல்லி கட்டறப்ப அதைக் காலி பண்ணிட்டான். நம்ம ஊர் திரௌபதி அம்மன் கோயில் கூத்துல துரியோதனன் தரைன்னு நினைச்சு தண்ணில விழற மண்டபம் இருக்குல்ல, அந்த மண்டபத்தோட அட்ரஸ் மதுரா ரோடு, ஜூ பக்கத்துல. எனக்கு இது ரொம்ப நாள் சிரிப்பா இருந்துச்சு.

துக்ளகாபாத் கதை எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும். கியாசுதீனுக்கும் சூஃபி ஞானி நிஜாமுதீன் ஔலியாவுக்கும் ஆகாது. சுல்தான் வங்காளத்துலேர்ந்து திரும்பி வரான், வந்ததும் ஔலியாவ ஒரு வழி பண்ணிடுவான்னு எல்லாரும் பயப்படறாங்க, அவர் மட்டும் "டெல்லி இன்னும் தூரம்"னு சொன்னாராம். சுல்தான் ஊருக்குள்ள நுழையறதுக்கு முன்னாடி வரவேற்புக்குப் போட்ட மண்டபம் அவன் மேலயே சரிஞ்சு விழுந்து செத்துட்டான், 1325. அந்தக் கோட்டை இப்பவும் பெரிய பெரிய கல்லோட, சரிஞ்ச மதிலோட, குரங்கு மட்டும் குடியிருக்க, அப்படியே கிடக்கு. அதே 1325லதான் ஔலியாவும் போனார், அவரோட சிஷ்யர் அமீர் குஸ்ரோவும் சில மாசத்துல பின்னாலயே போயிட்டார், ரெண்டு பேர் சமாதியும் பக்கத்துல பக்கத்துல.

குஸ்ரோவ நாம கவ்வாலி பாட்டோட நிறுத்திடறோம். அந்த ஆள் அரசவைக் கவிஞர், ஏழு சுல்தானைப் பாத்தவர்னு சொல்வாங்க, யார் உக்காந்தாலும் பாடணும், பாடினார். 1311ல டெல்லி தளபதி மாலிக் காஃபூர் மதுரை வரைக்கும் வந்து யானையும் தங்கமுமா அள்ளிட்டுப் போனானே, அந்தப் படையெடுப்பை டெல்லில உக்காந்து ஜோரா எழுதினதும் குஸ்ரோதான். படிக்கறப்ப நமக்கு வயிறு எரியும். ஆனா அதே மனுஷன் இன்னொரு புத்தகத்துல இந்த நாட்டுல பேசற மொழிகளையெல்லாம் ஒரு பட்டியல் போடறார், அதுல மஅபரின்னு ஒண்ணு வருது, மஅபர்னா அவங்களுக்கு நம்ம கடற்கரை, அப்ப அது நம்ம தமிழ்தான். எழுநூறு வருஷத்துக்கு முன்னாடி டெல்லில ஒருத்தர் தமிழுக்கு அட்டெண்டன்ஸ் போட்டிருக்கார், இன்னைக்கு அங்க இருக்கற ஆஃபீஸ்கள்ல நம்மள மொத்தமா "மதராஸி"ன்னு ஒரே டப்பால போடறானுங்க. சரி விடுங்க.

அடுத்தது முகமது பின் துக்ளக். 1327ல தலைநகரை தௌலதாபாத்துக்கு மாத்தினவன். நமக்கு அவனை சோ ராமசாமி புண்ணியத்துல நல்லாத் தெரியும், 1968ல நாடகம், அப்புறம் சினிமா, 1970ல அவன் பேர்லயே பத்திரிகை, தமிழ்ல துக்ளக்னா கோணல் முடிவு எடுக்கறவன்னு அர்த்தமே வந்துருச்சு. அந்த நாடகத்துல கூடவே வருவாரே இபின் பதூதா, அவர் நிஜமாவே மொராக்கோலேர்ந்து கிளம்பி 1334 வாக்குல டெல்லி வந்து சுல்தான்கிட்ட காஜியா, அதாவது நீதிபதியா, வேலை பாத்தவர். அவர் எழுதிவச்ச ஒரு கதைதான் இன்னைக்கு வரைக்கும் ஓடுது. ஊரைக் காலி பண்ணச் சொன்னப்புறம் ஒரு முடவனும் ஒரு குருடனும் மட்டும் கிளம்பாம இருந்தாங்களாம், சுல்தான் முடவனை கல்லெறியற யந்திரத்துல வச்சு வீசச் சொன்னான், குருடனை தௌலதாபாத் வரைக்கும் இழுத்துட்டுப் போகச் சொன்னான், வழியெல்லாம் பிஞ்சு பிஞ்சு கடைசில ஒரு கால் மட்டும் போய்ச் சேந்துச்சு. கதையா பிரமாதம். ஆனா பதூதா வந்தது ஊர் மாத்தி ஏழு வருஷம் கழிச்சு, இதெல்லாம் காதால கேட்டது. பரணின்னு இன்னொரு வரலாற்றாசிரியர், ஊர்ல ஒரு நாய் பூனைகூட மிஞ்சலன்னு எழுதறார், அவருக்கும் சுல்தான் மேல கடுப்பு. போனது பெரும்பாலும் அதிகாரிங்க, மார்க்க அறிஞர்கள், பணக்காரங்கதான், சாதாரண ஜனம் அங்கயேதான் இருந்துச்சுன்னு இன்னைக்கு நிறைய வரலாற்று ஆளுங்க சொல்றாங்க, எனக்கும் அதுதான் நம்பற மாதிரி இருக்கு. ஆனா பாருங்க, டெல்லின்னா காலியான ஊருங்கற பிம்பம் அங்கயே விழுந்துருச்சு.

பதூதாவ விடறதுக்கு முன்னாடி ஒண்ணு, அந்த ஆள் டெல்லிலேர்ந்து சீனாவுக்குத் தூது கிளம்பி, கப்பல் போய், அங்க இங்க சுத்தி, கடைசில நம்ம மதுரைக்கே வந்தார். அப்ப மதுரைலயும் ஒரு சுல்தான் இருந்தான், கியாசுதீன் தம்கானி, பதூதாவுக்கு சகலை முறை. அவன் பண்ணின கொடுமைய பதூதா எழுதியிருக்கறதைப் படிச்சா துக்ளக் எவ்வளவோ தேவல.

ஷாஜஹான் 1639ல புது ஊருக்கு அஸ்திவாரம் போட்டு 1648ல குடி வந்தார். இன்னைக்கு நாம பழைய டெல்லின்னு சொல்றது அதுதான். சாந்தினி சௌக்கை வடிவமைச்சது அவரோட பொண்ணு ஜஹனாரா, நடுத்தெருவுல கால்வாய் ஓடும், ஒரு குளம், அதுல நிலா தெரியும், அந்தப் பேர் அப்படி வந்ததுதான்னு சொல்வாங்க. இப்ப கால்வாய் இல்ல, சமீபத்துல தெருவைச் சீர்பண்ணி பகல்ல வண்டி விடாம நடக்கறவங்களுக்கு விட்டிருக்காங்க. செங்கோட்டைல (குற்றாலம் பக்கத்து செங்கோட்டை இல்ல, லால் கிலா) திவானே காஸ்ங்கற மண்டபத்துல சுவத்துல பொன்னெழுத்துல ஒரு பாரசீக ஈரடி இருக்கும், பூமில சொர்க்கம்னு ஒண்ணு இருந்தா அது இதுதான், இதுதான், இதுதான்னு. அதே மண்டபத்துல அப்புறம் என்ன நடந்துச்சுங்கறதுக்கு வரேன்.

1739 மார்ச்ல பாரசீகத்துலேர்ந்து நாதிர் ஷா படையெடுத்து வந்தான். சாந்தினி சௌக்ல சீஸ்கஞ்ச் குருத்வாராவுக்கு ஒட்டினாப்ல ஒரு சின்ன மசூதி, சுனேரி மசூதின்னு பேரு, கூட்டத்துல நடந்து போனா கண்ணுலயே படாது, மேல பாத்தாதான் மூணு குமிழ் தெரியும். அங்க உக்காந்துதான் நாதிர் ஷா வெட்டச் சொன்னான். காலைல ஆரம்பிச்சது மத்தியானம் தாண்டிதான் நின்னுச்சு, செத்தவங்க 20,000க்கு மேலன்னு பொதுவா சொல்றாங்க. மயில் சிம்மாசனம், கோஹினூர் எல்லாம் மூட்டை கட்டிட்டுப் போயிட்டான். ஸ்கூல் புத்தகத்துல இதோட முடிஞ்சிடும்.

முடியாத கதை மீரோடது. உருது கவிஞர் மீர் தகி மீர், ஆக்ராவுல பிறந்து, சின்ன வயசுலயே அப்பா போயி, டெல்லிக்குப் பிழைக்க வந்தவர். சம்சாமுத்தௌலான்னு ஒரு பெரிய பிரபு அந்தப் பையனுக்கு தினம் ஒரு ரூபாய்னு படி போட்டுக் குடுத்தார். நாதிர் ஷாவோட நடந்த கர்னால் சண்டைல அந்தப் பிரபு செத்துட்டார், ஒரு ரூபாயும் நின்னுபோச்சு. கோஹினூர் போனது சாம்ராஜ்யத்துக்கு நஷ்டம், இந்த ஒத்த ரூபாய் போனது உருது கவிதைக்கு லாபமா நஷ்டமான்னு எனக்குச் சொல்லத் தெரியல, ஏன்னா அப்புறம் அந்த மனுஷன் எழுதினதெல்லாம் அந்த ஓட்டாண்டித்தனத்துலேர்ந்து வந்ததுதான். அடுத்து ஆப்கான் ராஜா அப்தாலி திரும்பத் திரும்ப வந்தான், மராட்டாக்காரங்க வந்தாங்க, ஜாட் வந்தாங்க. மீர் தன் வாழ்க்கைய பாரசீகத்துல எழுதி வச்சிருக்கார், அதுல ஒரு நாள் இடிஞ்ச டெல்லிக்குள்ள நடந்து போறார், தெரிஞ்ச தெருவுல தெரிஞ்ச வீடு ஒண்ணுகூட இல்ல, தெரிஞ்ச முகம் இல்ல, நின்னு நின்னு பாத்துட்டு இனி இந்தப் பக்கம் வரமாட்டேன்னு திரும்பறார். மனசு பாழாப் போனதைப் பத்தி என்ன பேச, இந்த நகரம் நூறு தடவை கொள்ளை போச்சுன்னு ஒரு ஷேர் (ஈரடிக் கவிதை) அவரோடது. மனசச் சொல்றாரா ஊரைச் சொல்றாரான்னு பிரிக்கவே முடியாது, அவருக்கு ரெண்டும் ஒண்ணாப் போச்சு. இதே ஆள்தான் டெல்லி தெருவெல்லாம் தெருவா, ஓவியனோட ஏடு, பாத்த முகமெல்லாம் சித்திரம்னும் பாடினவர். 1782ல லக்னோ நவாப் கூப்பிட்டு அங்க போயிட்டார், 1810ல அங்கயே செத்தார், கடைசி வரைக்கும் லக்னோக்காரன் பேசற உருதைக் கிண்டலடிச்சுகிட்டேதான் இருந்தார். அவர் சமாதி ரயில் பாதைல போயிடுச்சுன்னு லக்னோல சொல்வாங்க.

இதுல ஒரு வேடிக்கை, டெல்லிக்காரங்களுக்கு உருதுல எழுதலாம்னு தைரியம் குடுத்ததே தெக்குலேர்ந்து போன ஒருத்தர், தக்காணத்து வலி. 1700ல அவர் டெல்லி வந்தார், அப்புறம் அவரோட கவிதைத் தொகுப்பும் வந்துச்சு, அதுவரைக்கும் பாரசீகத்துல எழுதினாதான் கவிதைன்னு இருந்தவங்க ஆஹா இப்படியும் எழுதலாமான்னு ஆரம்பிச்சாங்க. நூறு வருஷத்துக்கு மேல ஆனப்புறம் ஹைதராபாத்லேர்ந்து நல்ல சம்பளத்தோட கூப்பிட்டப்ப, ஜௌக்னு டெல்லி அரசவைக் கவிஞர், தக்காணத்துல இப்ப கவிதைக்கு மவுசு ஜாஸ்திதான், ஆனா டெல்லி சந்து பொந்தை விட்டு யார் போறதுன்னு எழுதினார். போகல. 1854ல டெல்லிலயே செத்தார். அந்த ஊர் அவருக்கு என்ன பண்ணுச்சு தெரியுமா, பஹார்கஞ்ச் பக்கம் அவரைப் புதைச்ச இடத்து மேல பின்னாடி பொதுக் கழிப்பறை கட்டிட்டாங்க. கோர்ட்டு வரைக்கும் போய்தான் மீட்டாங்க.

1857க்குப் போறதுக்கு முன்னாடி சையத் அகமது கான் கதை ஒண்ணு. பின்னாடி அலிகார் காலேஜ் ஆரம்பிச்சவரேதான், அப்ப டெல்லில முன்சீஃப், முப்பது வயசுகூட இல்ல. டெல்லில இருக்கற பழைய கட்டடம் பூராவும் பாத்து, அளந்து, கல்வெட்டு படிச்சு ஒரு புத்தகம் போட்டார், 1847. குதுப்மினார் மேல உசரத்துல இருக்கற எழுத்து கீழேர்ந்து படிக்க முடியல, அதனால ரெண்டு மூங்கிலுக்கு நடுவுல கூடையக் கட்டி அதுல உக்காந்து மேல இழுக்கச் சொல்லி தொங்கிகிட்டே படிச்சு எழுதியிருக்கார். கீழ நின்னு பாத்துகிட்டு இருந்தவர் அவரோட ஃப்ரெண்டு, இமாம் பக்ஷ் சஹ்பாய், டெல்லி காலேஜ்ல பாரசீக வாத்தியார், பயத்துல மூஞ்சியே வெளிறிப் போயிடுமாம், எங்க விழுந்துடப்போறானோன்னு.

விழுந்து யாரும் சாகல. பத்து வருஷம் கழிச்சு, 1857 செப்டம்பர்ல பிரிட்டிஷ் படை ஊரைத் திரும்பப் பிடிச்சப்ப, கூச்சா சேலான்ங்கற தெருவுல இருந்த ஆம்பளைங்கள யமுனைக் கரைக்குக் கூட்டிட்டுப் போய் வரிசையா சுட்டாங்க. அதுல சஹ்பாயும் அவர் பசங்க ரெண்டு பேரும். சையத் அளந்து எழுதின கட்டடங்கள்ல ஏகப்பட்டது அதுக்கப்புறம் தரைமட்டம். செங்கோட்டைக்குள்ள இருந்த அரண்மனைல பெரும்பகுதிய இடிச்சு சிப்பாய் பாரக் கட்டினாங்க. ஊர் செழிப்பா இருந்தப்ப ஆசைக்கு எழுதின கைடு மாதிரி புத்தகம், பத்தே வருஷத்துல மரண சர்டிஃபிகேட் ஆயிடுச்சு.

சரி, காலிப். இவரும் ஆக்ராக்காரர்தான், 1797ல பிறந்து, பதிமூணு வயசுல கல்யாணமாகி டெல்லி வந்தவர். சொந்த வீடே கடைசி வரைக்கும் வாங்கல, எல்லாம் வாடகை. புத்தகம்கூட வாடகைதான்னு சொல்வாங்க. 1857 மே 11ந்தேதி மீரட் சிப்பாய்ங்க ஊருக்குள்ள வந்ததுலேர்ந்து கதவைச் சாத்திட்டு உள்ள உக்காந்து டயரி எழுதினார், தஸ்தம்பு. பல்லிமாரான்ல அவர் தெரு தப்பிச்சதுக்குக் காரணம், அதே தெருவுல இருந்த ஹக்கீம்கள் பட்டியாலா மகாராஜாவுக்கு வைத்தியம் பாத்தவங்க, மகாராஜா பிரிட்டிஷ் பக்கம், அதனால அவரோட ஆளுங்க காவல் நின்னாங்க. ஆனா காலிப்போட தம்பி யூசுஃப், மனநிலை சரியில்லாதவர், வேற தெருவுல இருந்தார், அக்டோபர்ல செத்துட்டார். வெளில நடமாட முடியாது, பிணத்துக்குச் சுத்தற கஃபன் துணி வாங்க கடை இல்ல, குழி வெட்ட ஆள் இல்ல. வீட்டுல இருந்த ரெண்டு மூணு வெள்ளைத் துணியச் சுத்தி, அக்கம்பக்கத்துல ரெண்டொருத்தரும் வேலைக்காரங்களும் சேந்து பக்கத்து மசூதி ஓரமா புதைச்சாங்க. காய்ச்சல்ல செத்தார்னு டயரில இருக்கு, சிப்பாய் சுட்டதுல செத்தார்னு மத்தவங்க சொன்னாங்க.

எனக்கு இந்த டயரி மேல கொஞ்சம் வருத்தம் உண்டு. அரபு வார்த்தையே கலக்காத பழைய பாரசீகத்துல, விக்டோரியா மகாராணிய வாழ்த்தி, பென்ஷன் திரும்பக் கிடைக்கணும்னு கணக்குப் போட்டு எழுதினது, படிக்கறப்ப ஒரு பெட்டிஷன் வாசனை அடிச்சுகிட்டே இருக்கும். தப்புன்னு சொல்ல மாட்டேன், அந்த நேரத்துல கழுத்து மேல தலை இருந்தா போதும். நிஜமான காலிப் லெட்டர்லதான் இருக்கார். வீட்டுல உக்காந்து பேசற மாதிரி உருது, ஜோக்கு, வயித்தெரிச்சல், சரக்கு கிடைக்கல, இன்னைக்கு யாரைத் தூக்குல போட்டாங்க, எந்தக் கிணறு உப்பாயிடுச்சு, எந்தத் தெருவ இடிச்சாங்க, ஜாமா மசூதிலேர்ந்து ராஜ்காட் வாசல் வரைக்கும் வெறும் பொட்டல். ஊருக்குள்ள குடியிருக்க முஸ்லிம்களுக்கு அனுமதிச் சீட்டு வேணும், அபராதம் கட்டினாதான் அது கிடைக்கும், அதை அவர் "டிக்கெட்"னே எழுதறார், வெள்ளைக்காரன் வார்த்தைய அப்படியே போட்டு. சொந்த ஊர்ல இருக்கறதுக்கு டிக்கெட்! ஒரு கர்னல் முன்னாடி நிறுத்தி நீ முஸ்லிமான்னு கேட்டப்ப "பாதி முஸ்லிம், குடிப்பேன், பன்னி சாப்பிட மாட்டேன்"னு சொன்னதா அவரோட வாழ்க்கை வரலாறு எழுதின ஹாலி எழுதியிருக்கறது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை.

எங்க சித்தப்பா ஒரு தடவை டெல்லி வந்தப்ப காலிப் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போனேன். சாவ்ரி பஜார் மெட்ரோல இறங்கி நடந்தோம். பல்லிமாரான் முழுக்க செருப்புக் கடை, மூக்குக்கண்ணாடிக் கடை, தலைக்கு மேல கரன்ட் வயர் கொத்துக் கொத்தா, ரிக்‌ஷா இடிச்சுகிட்டே போகும். காசிம் ஜான் சந்துல அந்த வீடு, பழைய வீட்டோட ஒரு துண்டுதான் இப்ப நினைவிடம், கொஞ்ச காலம் அதுல வேற வியாபாரமெல்லாம் நடந்து அப்புறம் மீட்டிருக்காங்க. ஒரு சிலை, ஹூக்கா, கண்ணாடிக்குள்ள துணிமணி, சுவத்துல ஷேர். "என்னடா இது, நம்ம எட்டயபுரத்துல பாரதி வீடே இதவிட பெருசா இருக்கும் போலருக்கே"ன்னார். வாடகை வீடு சித்தப்பான்னேன். "வாடகை பாக்கி வச்சிருப்பாரோ?" வச்சிருப்பார், கடன்காரர்தான். அப்புறம் வெளில வந்து அங்கயே ஒரு கடைல பேரம் பேசி ஃப்ரேம் ஒண்ணு வாங்கினார், சென்னைல மூணு மடங்கு சொல்வான்டான்னு அன்னைக்கு பூரா அதே பேச்சு. காலிப் இருந்திருந்தா இந்த வியாபாரத்தைத்தான் லெட்டர்ல எழுதியிருப்பார்னு நினைக்கறேன்.

பூக்காரங்க திருவிழாவச் சொல்லாம விட்டா சரியா இருக்காது. அது மெஹ்ரோலில நடக்கறது, பூவால பண்ணின விசிறிய பக்தியார் காக்கி தர்காவுக்கும் எடுத்துட்டுப் போவாங்க, யோகமாயா கோயிலுக்கும் எடுத்துட்டுப் போவாங்க. 1942ல பிரிட்டிஷ்காரன் நிறுத்திட்டான். அறுபதுகள் ஆரம்பத்துல நேரு திரும்ப ஆரம்பிச்சு வச்சார்.

கடைசி பாதுஷா பகதூர் ஷா ஜஃபர் கதைய சுருக்கமா சொல்றேன், ஏற்கனவே நீண்டு போச்சு. மேல சொன்னேன்ல, சொர்க்கம் இதுதான்னு எழுதின மண்டபம், அங்கயேதான் 1858 ஜனவரில அவரைக் கைதியா உக்கார வச்சு விசாரணை. எண்பத்திரெண்டு வயசு, விசாரணை நடக்கறப்பவே தூங்கி விழுவாராம். ரங்கூனுக்கு அனுப்பினாங்க, 1862 நவம்பர் 7ல செத்தார், புதைச்ச இடம் தெரியக்கூடாதுன்னு தரைய சமப்படுத்திட்டாங்க, 1991ல வேற எதுக்கோ தோண்டறப்பதான் சமாதி கிடைச்சுது. அவரும் கவிஞர்தான், ஜௌக்கும் காலிப்பும்தான் வாத்தியாருங்க.

இங்கதான் நம்ம ஆளுங்க வராங்க. 1943ல நேதாஜி சிங்கப்பூர்ல "டெல்லி சலோ"ன்னார், அதே வருஷம் ரங்கூன்ல ஜஃபர் நினைவிடத்துக்குப் போய் மரியாதை பண்ணினார். அவரோட இந்திய தேசிய ராணுவத்துல சேந்தவங்கள்ல ஏராளமானவங்க மலேயா ரப்பர் தோட்டத்துத் தமிழங்க. டெல்லிய ஒருநாளும் பாக்காதவங்க, ஹிந்தியும் தெரியாதவங்க, ரங்கூன்ல புதைஞ்ச ஒரு கவிஞனோட ஊரைப் பிடிக்க பர்மா காட்டுல நடந்து செத்தாங்க. மிஞ்சின ஆஃபீசர்ஸ் மேல 1945 கடைசில வழக்கு நடந்தது எங்க? அதே செங்கோட்டை. இதை யாராவது பெரிய நாவலா தமிழ்ல எழுதணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசை.

1911 டிசம்பர் 12 தர்பார்ல அஞ்சாம் ஜார்ஜ் தலைநகரை கல்கத்தாலேர்ந்து டெல்லிக்கு மாத்தறேன்னு அறிவிச்சார். ரைசினா குன்று மேல லுட்யன்ஸ், பேக்கர்னு ரெண்டு ஆர்க்கிடெக்ட் கட்டினாங்க, வைஸ்ராய் மாளிகைல மட்டும் 340 ரூம். 1931 பிப்ரவரில திறப்பு விழா. டெல்லில புது ஊர் கட்டினவன் நிலைக்க மாட்டான்னு ஒரு பழைய பேச்சு உண்டு, பதினாறே வருஷத்துல சாவியக் குடுத்துட்டுப் போயிட்டான். அப்புறம் 1947, பழைய டெல்லி முஸ்லிம்கள் கூட்டம் கூட்டமா புரானா கிலாவுலயும் ஹுமாயூன் சமாதிலயும் முகாம்ல கிடந்து பாகிஸ்தான் போனாங்க, அங்கேர்ந்து பஞ்சாபிங்க வந்து இறங்கினாங்க. 1941 சென்சஸ்ல சுமார் 9 லட்சம், 1951ல 17 லட்சத்துக்கு மேல. ஊர் பாஷையே மாறிப்போச்சு, உருது போய் பஞ்சாபி கலந்த ஹிந்தி வந்துச்சு. இன்னொரு தடவை செத்து இன்னொரு தடவை பிறந்துச்சுன்னு வச்சுக்கலாம்.

அந்த பிறந்த டெல்லிலதான் கவர்மென்ட் வேலைக்குப் போன தமிழங்க கரோல் பாக்லயும் ஆர்.கே.புரத்துலயும் குடியேறி, சும்மா இருக்காம 1965ல கணையாழின்னு ஒரு பத்திரிகை ஆரம்பிச்சாங்க. கி.கஸ்தூரிரங்கன் நடத்தினார். சுஜாதா அப்ப டெல்லில வேலைல இருந்தார், கடைசிப் பக்கம் எழுத ஆரம்பிச்சது அதுலதான். ஆதவன் கல்லிடைக்குறிச்சில பிறந்து டெல்லில வளந்தவர், காகித மலர்கள் படிச்சவங்களுக்குத் தெரியும், அதுல மினாரும் மொகலாயரும் முக்கியமே இல்ல, ஆஃபீஸும் அந்தஸ்தும் தன்னைத்தானே நடிச்சுகிட்டுத் திரியற மனுஷங்களும்தான். எனக்கு டெல்லி குளிர்ல ரூம்ல தனியா உக்காந்து ஆதவன் படிச்சது மாதிரி வேற எந்த டெல்லி புத்தகமும் பயமுறுத்தினதில்ல. மீரோட டெல்லில வெளில இருந்தவன் வந்து கொள்ளையடிச்சான், ஆதவனோட டெல்லில அவனவன் உள்ளயே கொள்ளை போய்கிட்டு இருக்கான்.

இந்திரா பார்த்தசாரதி டெல்லி யூனிவர்சிட்டில தமிழ் வாத்தியார், அதிகாரத்தைச் சுத்தி ஈ மொய்க்கற டெல்லிய நக்கலா எழுதின நாவல்கள் தனி. நான் சொல்ல வந்தது அவரோட ஔரங்கசீப் நாடகம். ஷாஜஹானோட பசங்க தாராவும் ஔரங்கசீப்பும் மோதறது, நடுவுல கைதியா கிழட்டு ஷாஜஹான், ரெண்டு பக்கமும் பொண்ணுங்க ஜஹனாரா, ரோஷனாரா. தாராவ 1659ல அழுக்குத் துணியோட ஒரு நோஞ்சான் யானை மேல ஏத்தி டெல்லி பஜார் வழியா ஊர்வலம் விட்டாங்க, பெர்னியேன்னு ஃப்ரெஞ்சு டாக்டர் கூட்டத்துல நின்னு நேர்ல பாத்து எழுதியிருக்கார், ஜனம் வாய்விட்டு அழுதுதாம், ஆனா ஒருத்தன்கூட வாள எடுக்கல. அந்த ஊர்ல, அந்த சண்டைய, கும்பகோணத்துல வளந்த ஒருத்தர் தமிழ்ல எழுதி, அது ஹிந்திக்குப் போய் டெல்லி மேடைலயே போட்டிருக்காங்க. செங்கோட்டைல லைட் அண்ட் சவுண்ட் ஷோ காட்டறாங்க, அதுக்குப் பதிலா வருஷத்துல ஒரு ராத்திரி அங்க இந்த நாடகத்தைப் போடலாம். போட்டா சொல்லுங்க, தமிழ்நாடு எக்ஸ்பிரஸ்ல ஸ்லீப்பர் போட்டாவது வந்துடறேன், சித்தப்பாவும் வருவார், அவருக்கு இன்னொரு ஃப்ரேம் வாங்கணுமாம்.